கை படாத காசு

பழைய காசைப் பார்த்துத் தரம் சொல்வதில் அந்த ஏலக் கடையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கழுகுக்கண் என்றுதான் பட்டப்பெயர். அன்றைக்கு அந்தக் கண்ணே அவளுக்கு வினையாகிப்போனது.

முதலாளி ஒரு வெள்ளிக் காசை மேசையில் வைத்துவிட்டு, எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் இருப்புக்கொள்ளாத மனிதர். அதுவே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

காசை விளிம்பில் பிடித்து விளக்கடியில் மெல்லச் சாய்த்தாள். அச்சடித்தபடியே இருக்கிற காசில் வெளிச்சம் தடங்கலில்லாமல் ஒரு சுற்று ஓடிவரும். இதில் ராஜாவின் கன்னத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. வாயருகே கொண்டுபோய் மூச்சை விட்டாள். மற்ற இடமெல்லாம் ஈரம் ஒரே சீராகக் கலைய, கன்னத்தில் மட்டும் திட்டுத்திட்டாய்த் தங்கியது. யாரோ நல்ல விலைக்குத் தள்ளுவதற்காகக் கீறலை மெழுகால் அடைத்திருக்கிறார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். விடாமல் பூதக்கண்ணாடியை எடுத்தாள். மெழுகைத் தேய்த்த மெல்லிய கோடுகள், வலக்கைக்காரர் தேய்த்தால் சாயும் பக்கத்துக்கு நேர் எதிராகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு சின்னக் கொக்கி. கையை எடுக்கும்போது மணிக்கட்டை அப்படிச் சுண்டுகிற இடக்கைக்காரன் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். பள்ளிக்கூட நோட்டில் அடிக்கோடு போட்டாலும் அவனுக்கு அதே கொக்கி விழும். அவள் அண்ணன். இதே கடையில் காசுகளைப் படமெடுக்கிறவன்.

விரலெல்லாம் வேர்த்து, காசு நழுவிவிடுமோ என்று அதற்கு வேறு பயம். உண்மையை எழுதினால் அண்ணன் கம்பி எண்ணுவான். அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்பார்கள். பொய் எழுதினால், என்றைக்காவது மெழுகு மஞ்சளித்து வெளியே வரும். அவள் பெயர் சந்தி சிரிக்கும்.

“என்னம்மா, இவ்ளோ நேரம்?”

“லைட்டு சரியில்ல சார்.”

“நேத்துதானே மாத்தினோம்.”

தாளில் கடைசி வரி காலியாக இருந்தது. கடை வழக்கப்படி அங்கே, ஒட்டுவேலை செய்த காசென்றால் ‘கை பட்டது’ என்றோ, இல்லையென்றால் ‘கை படாதது’ என்றோதான் எழுத வேண்டும், மழுப்புவதற்கு மூன்றாவது சொல் இல்லை. பேனா இரண்டு தடவை தாளுக்குப் போய்த் திரும்பியது. மூன்றாம் தடவை ‘கை படாதது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

முதலாளி வாசித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளை நடுங்கவைத்தது.

“உங்க அண்ணன் காலையிலயே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரும்மா. இதுல உங்களுக்கும் பங்கு இருக்கான்னு கேட்டேன். ‘சத்தியமா இல்ல சார், அவகிட்டயே குடுத்துப் பாருங்க. என் வேலைன்னு தெரிஞ்சாக்கூட பொய் எழுத மாட்டா’ன்னு அழுதாரு.”

அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் தங்கையைப் பார்த்ததும், இவளாவது தப்பித்தாள் என்ற நிம்மதியில் லேசாகச் சிரித்தான்.