அண்ணன் அளவு

மலேசியாவின் சபாக் கடைத்தெருவில் மீன்பிடிச் சாமான் விற்கும் சீனர் கடைக்குள் சிவானந்தமும் அவன் தம்பி கார்த்திகேசுவும் நுழைந்தபோது, மூன்றே மூன்று ரப்பர் சிலுவார்கள்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பூட்ஸும் காற்சட்டையும் ஒரே துண்டாக ஒட்டி, நெஞ்சு வரை ஏறி, தோளில் இரண்டு வார்களால் மாட்டிக்கொள்கிற சாமான். பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சின்னது ஒன்று.

பாகான் நக்கோடா ஓமார் பக்கம் புதிதாக வெட்டிய இறால் குளத்தில் இருவருக்கும் வேலை. எஸ்டேட்டில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு ஆளைக் குறைத்துவிட்டார்கள். லயத்து வீட்டை மட்டும் இன்னும் பிடுங்கவில்லை. குளத்திலோ உப்புத் தண்ணீர், அடியில் சிப்பி ஓடு, கெளுத்தி முள். போன மாதம் ஒருவனுக்கு முள் குத்திச் சீழ் வைத்து, கால்விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து குளத்து முதலாளி தவுக்கே கறாராகச் சொல்லிவிட்டார்: ரப்பர் சிலுவார் இல்லாதவன் தண்ணீரில் இறங்கக் கூடாது, அதையும் அவனவனே வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும்டா" என்று அவர்களுடைய அம்மா காளியம்மா வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருந்தாள். "காலையில தண்ணி வத்துறப்ப பெரியவன் எறங்குறான். சாயந்தரம் சின்னவன். பாதி நாளு சும்மா தொங்கப் போறதுக்கு எதுக்கு ரெண்டு?"

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். சைக்கிள் ஒன்று, குடை ஒன்று, கல்யாணத்துக்குப் போட்டுப் போகிற நல்ல சட்டை ஒன்று. ஓர் ஆள் கழற்றினால் அடுத்த ஆள் மாட்டிக்கொள்வான். முப்பது வருஷமாக அதில் ஒரு குறையும் வந்ததில்லை. அட, கால் என்ன தலையணையா, ஒரே உறையை மாற்றி மாற்றிப் போட! அதை அந்த வீட்டில் எவரும் யோசிக்கவில்லை.

சிவானந்தம் ஓங்குதாங்கான ஆள். பெரியதை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தான். அளந்து தைத்தாற்போல இருந்தது. குந்தச் சொன்னார் கடைக்காரர், குந்தினான். முழங்காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினான். எங்கும் இழுக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. அவனுக்கு வாயெல்லாம் பல்.

"இப்ப தம்பி போடு" என்றார் கடைக்காரர். எஸ்டேட் ஆட்களோடு பேசிப் பேசி அவருக்கு வந்த தமிழ் அது.

கார்த்திகேசு அண்ணன் தோளுக்குத்தான் இருப்பான். அவன் மாட்டியதும் மார்பில் நிற்க வேண்டிய விளிம்பு மோவாயை இடித்தது. கவட்டை முழங்காலுக்கு இறங்கிவிட்டது. ஓரடி எடுத்து வைத்தான்; பாதம் மட்டும் முன்னே போயிற்று, பூட்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது. சிவானந்தம் வாய்விட்டுச் சிரித்தான். தம்பியும் சிரித்தான். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"இது சட்டை இல்லலா. சட்டை பெருசுன்னா காத்து போவும். இது பெருசுன்னா தண்ணி போவும். சேறு பூட்ஸைப் புடிச்சிக்கும், வுடாது. கால் உள்ளே ஆடக் கூடாது. குதிகால்ல ஒரு வெரல் போவலாம், அவ்ளோதான்." நடுத்தரத்தை எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு பேர் ஒண்ணுதான் வாங்கறது? அப்ப இது வாங்கு."

கார்த்திகேசு தடித்த காலுறையோடு அதைப் போட்டுப் பார்த்தான். கொஞ்சம் தாராளம், ஆனால் பாதம் பிடித்து நின்றது. வாரின் கொக்கி மார்புக்கு முன்னால் கைக்கு எட்டும்படி விழுந்தது. அவன் முகம் தெளிந்ததைச் சிவானந்தம் பார்த்தான். பார்க்கவில்லை என்று பிறகு அவனால் சொல்லிக்கொள்ளவே முடியவில்லை.

பிறகு சிவானந்தம் அதைப் போட்டான். போக முடிந்தது. நிற்க முடிந்தது. கட்டைவிரல் மட்டும் முன்னால் இடித்தது.

"வெரல் இடிக்குதுடா" என்றான்.

"ரொம்பவாண்ணே?"

"மணிக்கணக்கா நிக்கணும்ல."

கார்த்திகேசு கடைக்காரரைப் பார்த்தான், தொங்கிக்கொண்டிருந்த பெரியதைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான். "அண்ணனுக்குச் சரியா இருக்கறதையே வாங்குவோம். நான் துணி கிணி அடைச்சிக்கிறேன்."

சிவானந்தம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்: உனக்கு எதுடா சரியா இருக்கு? கேட்கவில்லை. அண்ணன் வாங்கியதைத் தம்பி குறை சொல்லாத வீடு அது. தம்பி விட்டுக்கொடுத்தான் என்றால் அது அவன் மரியாதை, அதற்கு மேல் அதில் தோண்டிப் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் அவன் நினைத்தான். கடைக்காரர் பெரியதைச் சுருட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போதும் தலையை ஆட்டிக்கொண்டேதான் கொடுத்தார்.

குளத்தில் வேலை ஓடியது. கடல்நீர் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்து பழைய தண்ணீரை வெளியே விடுவார்கள். அப்போது மதகு வாயில் இருக்கிற கம்பி வலையில் இலையும் பாசியும் வந்து அப்பிக்கொள்ளும். ஓர் ஆள் இறங்கி நின்று அதை வழித்துப் போட வேண்டும். அந்த இடத்தில் சிவானந்தத்துக்கு இடுப்பளவுத் தண்ணீர். கார்த்திகேசுவுக்கு நெஞ்சளவு.

சாயந்தரம் அண்ணன் கரையேறிக் கழற்றுவான். அவன் உடம்புச் சூடு ஆறுவதற்குள் தம்பி உள்ளே காலை விடுவான். பூட்ஸ் முனையில் பழைய பனியனைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். மோவாயை இடிக்கிற விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிட்டார்கள். வாரை எவ்வளவு இழுத்தாலும் தோளிலிருந்து நழுவியது. அதனால் இரண்டு வாரையும் முதுகுப் பக்கம் சேர்த்து ரஃபியா கயிற்றால் கட்ட வேண்டியிருந்தது. தன் முதுகில் தானே முடிச்சுப் போட முடியுமா? தினமும் சிவானந்தம்தான் கட்டிவிடுவான். அவிழாமல் இருக்க வேண்டுமே என்று இழுத்து இழுத்து, இரட்டை முடிச்சாகப் போடுவான்.

கார்த்திகேசுவின் மனைவி புஷ்பவள்ளிக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ஒரு நாள் கொல்லைப்புறத்தில் சிலுவாரைக் கழுவிக்கொண்டிருந்தவள், கை கழுவ வந்த சிவானந்தத்திடம் கேட்டே விட்டாள்.

"மாமா, அவருக்கு வேற ஒண்ணு வாங்கிருவோமே. தண்ணியில நடந்தா பூட்ஸு கழண்டு கழண்டு வருதாம். நேத்து ராத்திரி தூக்கத்துல காலை ஒதறிக்கிட்டே கெடந்தாரு. எனக்குப் பயமா இருக்கு மாமா."

"அவன் சொல்லச் சொன்னானா?"

"அவரு சொல்ல மாட்டாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

சிவானந்தத்துக்குச் சுருக்கென்றது. தம்பி பெண்டாட்டி தன்னிடம் நியாயம் கேட்பதா! "அவனுக்கு வாய் இருக்குல்ல. வேணும்னா அவனே கேக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அன்று சாயந்தரம் முடிச்சுப் போடும்போது, "என்னடா, சரியா இருக்கா?" என்று தம்பியின் முதுகைப் பார்த்துக் கேட்டான்.

"இருக்குண்ணே" என்றான் கார்த்திகேசு.

கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. அவன் மனசு அதோடு ஆறிக்கொண்டது. நல்ல மனசு!

அது நடந்தது ஒரு மழை நாள். தண்ணீர் நிறைந்திருந்ததால் மேஸ்திரி உமாபதி மதகுப் பலகையில் இரண்டைக் கூடுதலாகத் தூக்கிவிட்டான். கார்த்திகேசு கம்பி வலைக்குப் பக்கத்தில் நின்று பாசியை வழித்துக்கொண்டிருந்தான். சிவானந்தம் வரப்பில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் கட்டிவந்த தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். இழுப்பு கூடியது. தம்பி ஓரடி பின்வாங்கப் பார்ப்பதும், முடியாமல் முன்னால் சாய்வதும் தெரிந்தது. விளையாடுகிறான் என்று முதலில் தோன்றியது.

"அண்ணே, காலு வரல!"

அவ்வளவுதான். மடித்து விட்டிருந்த விளிம்புக்குள் தண்ணீர் மடமடவென்று இறங்கியது. கார்த்திகேசுவின் இரண்டு கைகளும் முதுகுப் பக்கம் போய்த் துழாவின. சிவானந்தம் குதித்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தலை உள்ளே போய்விட்டது. அக்குளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான், சேறு விடவில்லை. முடிச்சைத் தேடிப் பிடித்தான். நனைந்த ரஃபியா இறுகிக் கல்லாகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது, முடிச்சு அசையவில்லை. வாய்விட்டுக் கத்தினான், பல்லால் கடித்தான், தண்ணீரைக் குடித்தான். உமாபதி பலகையை இறக்கிவிட்டுக் கத்தியோடு வந்து அறுத்த பிறகுதான் தம்பியை வெளியே இழுக்க முடிந்தது.

வரப்பில் கிடத்தி வயிற்றை அமுக்கினார்கள், வாயில் ஊதினார்கள். ஒன்றும் இல்லை. பிறகு சேற்றில் நின்றிருந்த சிலுவாரையும் ஒருவன் பிடுங்கிக்கொண்டு வந்தான். பூட்ஸ் முனையிலிருந்து பனியன் துணி பொத்தென்று விழுந்தது. சிவானந்தம் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் லயத்து வீட்டில் சவப்பெட்டி வந்து இறங்கியது. அழுது அழுது காளியம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சம்பிரதாயப்படி, செத்தவன் புழங்கிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். சீப்பு, சிகரெட் பெட்டி, வேட்டி. அந்த ஒரே நல்ல சட்டையைப் பிணத்துக்குப் போட்டிருந்தார்கள். அதை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

வேலியில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர் சிலுவார் காளியம்மாவின் கண்ணில் பட்டது.

"அதையும் எடுத்தாங்கடா" என்றாள். "எம்புள்ள அதுக்குள்ள நின்னுதான ஒழைச்சான். போற எடத்துல வெறுங்காலோட நிக்க வேணாம். கூட வைங்க."

சிவானந்தம்தான் போய் எடுத்தான். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், மண்ணுக்குள் போய்விட்டால், தன் நெஞ்சில் இருக்கிற பாரத்திலும் கொஞ்சம் கூடவே போகும் என்று அவனுக்கு இருந்தது. கூட்டம் விலகி வழி விட்டது.

பெட்டியின் தலைமாட்டில் புஷ்பவள்ளி இருந்தாள். கையை நீட்டிப் பெட்டியை மறித்தாள்.

"வேணாம் அத்தே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "அது அவருக்குப் பெருசு. மாமா அளவுக்கு வாங்குனது."

காளியம்மா அழுகையை நிறுத்திவிட்டு மூத்த மகனைப் பார்த்தாள். சிவானந்தம் அதை ஏந்தியபடியே நின்றான். ஆட்கள் பெட்டியை மூடினார்கள்.