மாப்பிள்ளையின் அம்மா

...மூக்குக்கு மேலே இருக்கிற அந்த மடிப்புக்குள் விரலை விட்டுத் துடைக்க வேண்டும், முதலில் ஈரப் பஞ்சு, பிறகு காய்ந்த பஞ்சு, இல்லாவிட்டால் உள்ளே புண்ணாகி நாற ஆரம்பித்துவிடும், அதைத்தான் அவர் அன்று காலையும் செய்துகொண்டிருந்தார், "மாப்ளே, மூஞ்சியைக் கொஞ்சம் காட்டுங்க, ரொம்ப பிகு பண்ணாதீங்க" என்று வழக்கம்போல மரியாதையாகக் கெஞ்சிக்கொண்டு. துடைத்த பஞ்சை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்து என் பக்கம் நீட்டினார், நான் "சீ, அந்தண்டை கொண்டு போங்க" என்றேன், சிரித்தார், கை கழுவினார், வேலைக்குக் கிளம்பினார். கடைகளில் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிற வேலை அவருக்கு. சாயங்காலம் ஏதோ ஒரு கடையில் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று வந்து சொன்னார்கள். போன மழைக்காலம் அது. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதரோடு எனக்குக் கடைசிப் பேச்சு ஒரு அழுக்குப் பஞ்சைப் பற்றி. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது, வேறு எதைப் பற்றிப் பேசியிருப்போம், தெரிந்திருந்தால் மட்டும் என்ன பெரிதாகப் பேசியிருப்போம் என்றெல்லாம், மாப்பிள்ளையை எங்களுக்குக் குட்டியாக விற்ற நாய்க்காரர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எதிர்ச் சுவர் முழுக்க நாய்களின் போட்டோக்கள், எல்லாம் எங்கள் மாப்பிள்ளையின் ஜாதிதான், பக் என்கிற சப்பை மூக்கு ஜாதி, எல்லா முகத்திலும் அதே மடிப்பு, இத்தனை மடிப்பையும் தினம் யார் துடைக்கிறார்கள்?

மாப்பிள்ளை என் காலடியில் டைல்ஸ் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தான். வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் நடந்ததற்கே அவன் மூச்சு அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி கரகரத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பெண்ணும் கிடையாது, பிள்ளையும் கிடையாது, ஆனால் மாப்பிள்ளை உண்டு. வந்த முதல் நாளே வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டான், வைத்த சாப்பாட்டைப் பார்த்துவிட்டு இதுதானா என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான், யாராவது வந்து உபசரித்தால்தான் சாப்பிடுவான், அவர்தான் "இது நாய் இல்லடி, மாப்பிள்ளை, குரலை உயர்த்திப் பேசாதே" என்றார், அதுவே பெயராகிவிட்டது. நாலு வருடம் ஆகிறது. இன்னும் நாலைந்து வருடம் இருப்பானா? அதற்குப் பிறகு? அதைத்தான் தங்கையிடம் போனில் சொன்னேன், நாய்க்காரர் கூப்பிட்டார், நம்ம பையனை கிராஸுக்குக் கேட்கிறார், பிறக்கிறதில் எனக்குப் பிடித்த குட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம் என்று. "உனக்கென்ன பைத்தியமாக்கா? இருக்கிற ஒண்ணுக்கே ராத்திரி பகலா மூக்குல மருந்து விடறே, இதுல அதுக்குக் கல்யாணம் வேற பண்ணி வைக்கப் போறியா?" என்றாள். "நீ வரவேண்டாம், பத்திரிகை மட்டும் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், அவளுக்குப் புரியாது. அவர் கையால் துடைத்த முகம் இது ஒன்றுதான் என்னிடம் மிச்சம், அந்த முகம் இன்னொன்றில் தொடர்ந்தால் என்ன தப்பு, இதற்குப் போய் ஆசை என்று பெயரா?

ஆனால் வாங்கிய விதம்... அதை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் நாய் என்ற பேச்சே கிடையாது, சாயங்காலம் நாய் வந்துவிட்டது. ஏதோ கடையில் ஒரு குழந்தை தோளில் போட்டுக்கொண்டு போன குட்டியை அவர் பார்த்திருக்கிறார், அது இவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதாம், மனசு தாங்கவில்லையாம். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், வருகிறவர்கள் ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு யோசிக்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும், இருபதைப் போட்டுக் கழற்றி, பெண்டாட்டிக்கு போட்டோ அனுப்பி, இதுவா அதுவா என்று என் பொறுமையைச் சோதித்து, கடைசியில் "நாளைக்கு வர்றேம்மா" என்று போய்விடுவார்கள். மூக்கில் வைக்கிற கம்பிக்கு அத்தனை யோசனை. மூக்கே இல்லாத ஒரு உயிரை வீட்டுக்குக் கொண்டுவர நாங்கள் எதையுமே கேட்கவில்லை, மூச்சு எப்படி விடும், வெயிலில் நடக்குமா, கண் ஏன் இப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது... ஒன்றே ஒன்றை மட்டும் அவர் பிடிவாதமாகக் கேட்டார். எங்கேயோ படித்திருக்கிறார், தாயைப் பார்க்காமல் குட்டி வாங்கக் கூடாது என்று. "அம்மாவைக் காட்டுங்க, அப்புறம்தான் பேச்சு." இதே அறையில், இதே சோபாவில். காட்டினார்கள். ராணி என்று பேர். பளபளவென்று, வெண்ணெய் நிறத்தில், வந்தவுடனே அவர் கையை நக்கினாள். அவருக்கு அப்படி ஒரு திருப்தி. அடுத்த வீட்டுக்காரர், பால்காரர், என் கடை முதலாளி என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார், "நாங்க தாயைப் பார்த்துட்டுத்தான் எடுத்தோம்." தராசுக்காரர் அல்லவா, ஒரு பக்கம் வைத்துவிட்டால் இன்னொரு பக்கமும் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

இந்த முறையும் ராணியே வந்தாள், நாய்க்காரரின் மனைவி டீ டம்ளரோடு வந்தபோது அவள் பின்னாலேயே. அதே பளபளப்பு, முன்னைவிடக் கொஞ்சம் பருத்திருந்தாள். என் முன்னால் வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், யாராவது எதிரே உட்கார்ந்தால் இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம், எந்தக் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிடுவேன், துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அதைப் பார்த்தேன். ராணிக்கு இரண்டு கண்ணும் நேர்க்கோடு. மாப்பிள்ளைக்கு இடது கண் வெளிப்பக்கம் ஓடும், என்னைப் பார்க்கும்போதே ஜன்னலையும் பார்க்கிற மாதிரி இருக்கும், அவர் சொல்வார், "ஒரு கண்ணு என் பெண்டாட்டி மேல, ஒரு கண்ணு பிஸ்கட் மேல, கெட்டிக்காரன்." சரி, அப்பாவிடமிருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா யார்? கேட்டதே இல்லையே! அம்மாவும் மகனும் நாலு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள், என்ன செய்வார்கள் என்று ஆவலாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றுமே செய்யவில்லை. ராணி அவனைத் தாண்டிப் போய் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டாள். நாய்க்கு நினைவு எவ்வளவு நாள் இருக்கும்? மூக்கு இவ்வளவு சப்பையாக இருந்தால் வாசனையும் பாதிதான் தெரியுமா, பாதி வாசனைக்குப் பாதி நினைவா?

"வாங்க மேடம், மாப்பிள்ளை சார் எப்படி இருக்கார்?" என்று நாய்க்காரர் உள்ளேயிருந்து வந்தார், கையில் பழுப்பு நிறத்தில் ஒரு நாயைக் குழந்தை போல ஏந்திக்கொண்டு. "இவதான். பெரியவள்னு கூப்பிடுவோம். ரெண்டு நாள்ல சரியா இருக்கும், இன்னிக்குச் சும்மா பழக விடலாம்." தரையில் இறக்கினார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வயிறு தொங்கிப் போய், முதுகில் திட்டுத் திட்டாக முடி உதிர்ந்து, அதே கரகர மூச்சு. என்னை நிமிர்ந்து பார்த்தாள். வலது கண் என் மேல். இடது கண் ஜன்னலில்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். கண் ஒன்றுதானே, இந்த ஜாதியில் பல நாய்களுக்கு அப்படி இருக்கும், உடனே முடிவுக்கு வராதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், ஆனால் வலது பக்கம் உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்ற அந்த ஒற்றைப் பல், நெற்றி மடிப்பு நடுவில் சேராமல் கொஞ்சம் தள்ளிச் சேர்கிற விதம்... ஒரு குடும்பமே கண்ணாடி போட வந்தால் சொல்லாமலே தெரியும் எனக்கு, யார் மூக்கு யாரிடமிருந்து வந்தது என்று. மாப்பிள்ளை எழுந்தான். அவளிடம் போனான். முகத்தோடு முகம் வைத்தான், இரண்டு கரகரப்பும் ஒன்றாகக் கேட்டது. அவன் எதை மோந்தான், எதுவரைக்கும் மோந்தான், யார் சொல்ல முடியும்?

"இவனோட அம்மா யாருங்க?" என்று கேட்டேன்.

"ராணிதானே மேடம்! சார்கூடப் பார்த்தாரே" என்றார் நாய்க்காரர். அதற்குள் அவர் போன் அடித்தது, "ஒரு நிமிஷம், பார்ட்டி" என்று வாசலுக்குப் போய்விட்டார். நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அவள் ராணியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியில் சிரித்துவிட்டாள், திருட்டுத்தனம் இல்லாத சிரிப்பு, அதுதான் ஆச்சரியம்.

"அக்கா, நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. ராணிக்குச் சின்னதுலேயே கர்ப்பப்பையை எடுத்தாச்சுக்கா. அவ சும்மா காட்டறதுக்கு. எல்லாக் குட்டிக்கும் அவதான் அம்மா."

"ஏன், இவளைக் காட்டினா என்ன?"

"எப்படிக்கா காட்டறது? இதுங்களால தானா குட்டி போட முடியாது, தலை பெருசு, இடுப்பு சின்னது. ஒவ்வொரு தடவையும் வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். தையலோட வாடிப் போய்க் கிடக்கறவளைக் கொண்டு வந்து நிறுத்தினா நீங்க வாங்குவீங்களா? பாவம்னுட்டுப் போயிடுவீங்க. பாவம்னு சொன்னா எங்களுக்குச் சோறு ஏது?" அவள் குனிந்து பெரியவளை மடியில் போட்டுத் திருப்பிக் காட்டினாள். தொப்புளிலிருந்து கீழே ஒரு கோடு, அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்த தையல். "குட்டிங்களுக்கு ரெண்டு மணிக்கொரு தரம் எழுந்து பால் குடுக்கறது நான்தான்க்கா. உங்க மாப்பிள்ளையும் என் கையில குடிச்சவன்தான். அந்த வகையில பார்த்தா நான்தான் அவனுக்கு அம்மா."

அப்படியென்றால் எத்தனை அம்மாக்கள், காட்டுவதற்கு ஒருத்தி, கிழிப்பதற்கு ஒருத்தி, பால் கொடுக்க ஒருத்தி... முறைப்படி எனக்கு யார் சம்பந்தி? சிரிக்கத்தான் தோன்றியது, அப்போதுதான் உறைத்தது. "அப்ப இவ அவனைப் பெத்தவ. இவளுக்கா அவனைக் கேட்டீங்க?"

"நாய்க்கு என்னக்கா அம்மா பிள்ளை? இவரு சொல்வாரு, அப்படிச் சேர்த்தாத்தான் முகம் அச்சுல வார்த்த மாதிரி வருமாம், மூக்கு இன்னும் உள்ள போகும். மூக்கு நீண்டா யாரு எடுக்கறா? போன தடவை ஒண்ணுக்குக் கொஞ்சம் நீட்டமாப் பொறந்துச்சு, நல்லா மூச்சு விட்டுக்கிட்டு ஓடியாடிக்கிட்டு இருந்துச்சு, கடைசி வரைக்கும் விலை போகலை. உங்க வீட்டுக்காரரே அன்னிக்குக் கூடையில இருந்த எல்லாத்தையும் விட்டுட்டு, 'இருக்கறதுலயே சப்பையா ஒண்ணு குடுங்க'ன்னுதானே கேட்டாரு?"

கேட்டாரா? எனக்கு நினைவில்லை. அவர் குரலில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன், பொருந்தியது, அவர் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார், குழந்தை மாதிரி இருக்கிறதே என்றுதானே கேட்டிருப்பார். முதன்முதலில் யாரோ ஒருவர், எந்தக் காலத்திலோ, ஒரு ஈற்றில் முகம் சற்றே தட்டையான குட்டியைத் தூக்கிப் பார்த்து, அட மனிதக் குழந்தை மாதிரி இருக்கே என்று ஆசைப்பட்டிருக்க வேண்டும், கெட்டவராக இருந்திருக்க மாட்டார், குழந்தை இல்லாதவராகக்கூட இருந்திருக்கலாம். அந்த ஒரு ஆசையிலிருந்து மூக்கு உள்ளே உள்ளே போய், இங்கே இந்தக் கோடு வரைக்கும்... தாயைப் பார்த்தோம் என்று ஊரெல்லாம் சொன்னவரிடம் இதை இப்போது போய்ச் சொல்ல முடிந்தால் என்ன சொல்வார்? முதலில் கோபப்படுவார். எடை பொய் சொன்னதற்காக ஒரு தராசையே பூட்டி சீல் வைத்த மனிதர். பிறகு, மாப்பிள்ளையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கேட்க வேண்டும் போல இருந்தது, அந்தக் கணத்தில் தோன்றியது போல அவர் போன இந்த மாதங்களில் ஒருநாளும் தோன்றியதில்லை, அவரிடம் சொல்ல எனக்கு ஒரு புதிய செய்தி கிடைத்திருக்கிறது, சொல்ல ஆள் இல்லை.

நாய்க்காரர் போனை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டேன். "வேண்டாங்க, கிளம்பறேன்" என்றேன். "ஏன் மேடம்? குட்டி வேணாமா? நீங்களே பார்த்து எடுத்துக்கலாமே, முதல் சாய்ஸ் உங்களுக்குத்தான்!" அவர் மனைவியைப் பார்த்தார், அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "இவளுக்கு இனிமே வேண்டாமே, விட்டுடுங்களேன்" என்றேன். "இதான் கடைசி மேடம்" என்றார். போன தடவையும் அப்படித்தான் சொல்லியிருப்பார், அடுத்த தடவையும் சொல்வார். நான் மாட்டேன் என்றால் வேறு ஒரு நாய் வரும், என் மறுப்பால் அந்தக் கோட்டில் ஒரு தையல்கூடக் குறையப் போவதில்லை. இருந்தாலும் வாசலுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை வர மறுத்தான், பெரியவள் பக்கமே இழுத்தான், தெரிந்துகொண்டா, அல்லது மின்விசிறி அங்கே இருந்ததாலா? தூக்கிக்கொண்டேன்.

வண்டியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டேன், மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தங்கையிடம் சொல்ல வேண்டும், கல்யாணம் நின்றுபோச்சு என்று. கேலி செய்வாள், செய்யட்டும். சரியானதைத்தான் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது, நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால் அது வரவில்லை, வரப்போவதில்லை என்று தீர்ந்த அந்தக் குட்டியைத்தான் மனம் திரும்பவும் எடுத்து வைத்துக்கொண்டது. சரி, நினைக்கத்தானே செய்கிறாய், நினைப்பதில் என்ன கஞ்சத்தனம், மூச்சு நன்றாக வருகிற மாதிரி நினையேன் என்று சொல்லிக்கொண்டு, கண்ணை மூடி அதற்கு ஒரு நீண்ட மூக்கை வைத்துப் பார்த்தேன். அது ஓடியது, துள்ளியது, சத்தமில்லாமல் மூச்சு விட்டது, ஆனால் யார் வீட்டு நாயோ மாதிரி இருந்தது, பக்கத்தில் கூப்பிடத் தோன்றவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வீடு வருகிற வரைக்கும் பார்த்துவிட்டேன், எத்தனை முறை நீட்டினாலும், நான் கை நீட்டித் தூக்குகிற குட்டி சப்பை மூக்கோடுதான் வருகிறது.