படையல் குழம்பு

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் இப்போதெல்லாம் யாரும் ஒரே பகலில் செத்துப்போவதில்லை. அடிபம்பு வந்தபின் வாந்திபேதி நின்றது. அம்மை ஊசி போட்டதில் பிள்ளைகள் தங்கின. சாகாமல் வயதானவர்களுக்கு பிரஷர், சர்க்கரை என்று புது நோய்கள் வந்தன.

கங்கம்மாளின் புருஷன் குப்புராஜ் பம்புக்கு முந்தியவன். 1963இல் ஒரு நாள் காலையில் வயிறு கலங்கி, விளக்கு வைப்பதற்குள் போய்விட்டான். வயது முப்பத்தெட்டு. பதினோரு வருஷம் கழித்து அவன் தம்பி திருமலை நாற்பத்தேழைத் தொட்டிருந்தான். அவன் வேலை பார்த்த இரும்புக் கம்பெனியின் டாக்டர் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, உப்பையும் கருவாட்டையும் தொட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து திருமலையின் மனைவி முத்தம்மாள் அவனுக்குத் தனியாகச் சமைத்தாள். "மாத்திர போட்டுக்கினியா?" என்று அவள் கேட்பது சுவருக்கு இந்தப் பக்கம் கங்கம்மாளுக்குக் கேட்கும். அப்போதெல்லாம் அவளுக்கு அடிவயிறு எரியும்.

குப்புராஜின் தெவசம் வந்தது. செத்தவனுக்குப் பிடித்ததைப் படைத்து, முதல் இலையில் கூடப்பிறந்தவனை உட்காரவைப்பது வழக்கம். குப்புராஜுக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பு.

முத்தம்மாள் முன்கூட்டியே வந்து கேட்டாள். "அக்கா, கொழம்புல உப்ப கொஞ்சம் கொறச்சிக்கோயேன். அவருக்கு ஆவாதாம்."

"படையலு என் ஊட்டுக்காரருக்கா, உன் ஊட்டுக்காரருக்காடி?"

"கோச்சிக்காதக்கா. டாக்டரு சொல்றாரு..."

"என் ஆளுக்கு டாக்டரு வர்றதுக்குள்ள பாடை வந்துச்சு. நீ ஒரு சிட்டிகை உப்புக்கு பேஜாரு பண்ணிக்கினு நிக்கிற. போடி!"

கருவாட்டை அலசினால் உப்பு இறங்கும். கங்கம்மாள் அலசவில்லை. மேலும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். படையலை ருசி பார்க்கக் கூடாது என்பதால் அது யாருக்கும் தெரியவும் வழியில்லை.

திருமலை வந்தான். "வாசனையே ஆளத் தூக்குது அண்ணி. ஊட்ல இவ பத்தியம் போட்டே கொல்றா."

முத்தம்மாள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படையல் சோற்றை யாரும் தடுக்கக் கூடாது.

திருமலை முனகிக்கொண்டே காலை மடக்கி, இலைமேல் குனிந்தான். கங்கம்மாள் அகப்பையோடு அவன் பக்கத்தில் நின்றாள். அப்படியே குப்புராஜின் பிடரி. அதே சுருட்டை முடி. நரைத்திருந்தது. குப்புராஜுக்கு ஒரு முடிகூட நரைத்ததில்லை.

அகப்பையைச் சட்டியிலேயே போட்டாள்.

"உப்பு ஏறிப்போச்சு தம்பி. மோரு ஊத்திக்கோ."

"படையல்ல கொற வெக்கலாமா அண்ணி?"

"உங்க அண்ணன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ சாப்பிடு."

முத்தம்மாள் பின்கட்டுக்கு ஓடிவந்து கங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ நல்லா இருக்கணும்க்கா."

கங்கம்மாள் கையை உதறினாள். "உனக்காகன்னு நெனச்சிக்காத. உன்னப் பாத்தா இப்பவும் எனக்குப் பத்திக்கினுதான் வருது. கெழவனானா என் ஆளு எப்படி இருந்திருப்பாருன்னு எனக்குப் பாக்கணும். அதக் காட்ட அவரு தம்பி ஒருத்தன்தான் இருக்கான்."