பிக்ஃபர்ட் வீட்டு இரண்டு ஓட்டு

டாப்ஹாமில் யாராவது கண்ணை மூடினால், சவப்பெட்டி வருவதற்குள் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்பார்கள். நீக்குவது வெர்னா பிக்ஃபர்ட். பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஊர் தேர்ந்தெடுத்த மூன்று பேரில் அவள் ஒருத்தி. மற்ற இருவரும் பெயருக்குத்தான்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு பெயரை மட்டும் எட்டு மாதமாக விட்டுவைத்திருந்தாள். ஹாலிஸ் பிக்ஃபர்ட். மார்ச் மாதம் மேப்பிள் மரப்பாகு காய்ச்சும் கொட்டகையில், கையில் பிடித்த கரண்டியோடு சரிந்துபோன அவள் புருஷன், ஊர்த் தச்சன். ஓட்டுநர் உரிமம் ரத்தாகிவிட்டது, தேவாலயப் புத்தகத்திலும் அடித்துவிட்டார்கள். அவன் பெயர் உயிரோடிருந்தது இந்த ஒரு வரியில்தான். யாராவது கேட்டால், "இறப்புச் சான்றிதழ் இன்னும் வரலை" என்பாள். சான்றிதழ் அவள் சமையலறை இழுப்பறையில், ரப்பர் வளையங்களுக்கு அடியில் கிடந்தது. எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. டாப்ஹாமில் தெரியும்.

அந்த வருஷம் ஜனாதிபதி தேர்தலில் நியூ ஹாம்ப்ஷயர் நூலில் தொங்கியது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு; எங்களுக்கு இருப்பதே நாலு. அந்த நாலுக்காக இரண்டு கட்சியும் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்து அடித்து, பாதி ஊர் போன் கம்பியைப் பிடுங்கிப் போட்டிருந்தது. எங்கள் ஊர் மன்றத்துக்குக்கூட ஆளுக்கொரு வக்கீலை அனுப்பியிருந்தார்கள். வந்த பெண் வக்கீல் போட்டிருந்த நனைந்த மெல்லிய செருப்பைப் பார்த்தாலே காலில் ஜில்லென்று இருந்தது.

வெர்னாவும் ஹாலிஸும் நாற்பத்தோரு வருஷம் எதிரெதிர்க் கட்சி. ஓட்டுப்போட மட்டும் ஒரே வண்டியில் வருவார்கள். ஹாலிஸின் முழங்கால் கெட்ட பிறகு அவள்தான் ஓட்டுவாள். அவன் சீட் பெல்ட் போடமாட்டான். இந்த மாநிலத்தில் பெரியவர்களுக்குப் போடச்சொல்லிச் சட்டமும் கிடையாது. வண்டிதான் வழி முழுக்க 'டிங் டிங்' என்று அவனைத் திட்டிக்கொண்டே வரும். திரும்பும்போது அவன் தவறாமல் சொல்வான்: "நான் போட்டதை நீ அடிச்சே, நீ போட்டதை நான் அடிச்சேன். வீட்லயே இருந்திருக்கலாம்டி, பெட்ரோலாவது மிச்சம்."

அதனால் இந்த முறை ஓட்டே போடுவதில்லை என்று வெர்னா முடிவு செய்திருந்தாள். திருப்பி அடிக்க ஆளில்லாத சண்டையில் கை ஓங்குவது போலப் பட்டது அவளுக்கு. யாரிடமும் சொல்லவில்லை. காலை முதல் மன்றத்திலேயே இருந்ததால், வந்தவுடனே போட்டுவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வழக்கம் பழையது. வருகிறவர் பெயரைச் சத்தமாகச் சொல்லவேண்டும். மேசையில் இருப்பவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி, பட்டியலில் ஸ்கேலை வைத்துச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, சீட்டைக் கொடுக்கவேண்டும். அந்த வேலை ஓபல் ட்ரூவுக்கு. நாலரை மணிக்குக் காற்றடித்து ஐந்து நிமிஷம் மின்சாரம் போனது. அப்போதும் லாந்தரை வைத்துக்கொண்டு நிறுத்தாமல் நடத்தினார்கள். அந்த ஐந்து நிமிஷம் மன்றத்தில் பாகு காய்ச்சும் புகை வாசனை அடித்தது வெர்னாவுக்கு நினைவிருக்கிறது. வாசலில் பலகாரம் விற்ற தேவாலயப் பெண்கள் எதையோ கருக்கிவிட்டார்கள் என்று எண்ணி மனதுக்குள் திட்டியதும் நினைவிருக்கிறது.

ஆறே முக்காலுக்கு ஓபல் கழிவறைக்குப் போக, வெர்னா அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தைப் புரட்டினாள்.

ஹாலிஸின் பெயர் மேல் சிவப்புக் கோடு. அடுத்த வரி, அவள் பெயர், சுத்தமாக இருந்தது.

ஓபல் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஓபல், இது என்ன?"

"எது? அடக் கடவுளே. ஸ்கேல் ஒரு வரி மேல ஏறிப்போச்சுடி. அது உன்னோட கோடு." குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல இவர் பேரு ஏன் இன்னும் இங்க இருக்கு? சரி விடு, ரப்பர் இருக்கு. அழிச்சுட்டு உன் வரியில போட்டுடறேன். அந்த ஈரச்செருப்புக்காரி பாக்கறதுக்குள்ள."

"எப்போ போட்டே இந்தக் கோட்டை?"

"கரண்ட் போனப்பன்னு நினைக்கிறேன். பிக்ஃபர்ட்னு காதுல விழுந்துச்சு. திருப்பிச் சொன்னேன், இழுத்தேன், சீட்டக் குடுத்தேன். இருட்டுல நான் ஸ்கேலப் பாக்கவா, மூஞ்சியப் பாக்கவா?"

"சொன்னது ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?"

ஓபல் அந்தக் கோட்டை இன்னொரு முறை பார்த்தாள். ரப்பர் பிடித்த கை அப்படியே நின்றது.

தேர்தலை நடத்தும் வெண்டல் கோல்பி பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினான்: "இன்னும் அஞ்சு நிமிஷம்! போடாதவங்க யாராவது இருந்தா இப்பவே வந்துடுங்க, அப்புறம் நாலு வருஷம் எங்கிட்ட வந்து புலம்பக் கூடாது!"

வெர்னா அந்தக் கோட்டையே பார்த்தாள். அழிக்கவிட்டால் தொல்லை இல்லை. செத்தவன் பெயரை வைத்திருந்த குட்டு வெளிப்படாது, இருபது வருஷப் பதவியும் போகாது. ஆனால் பெட்டிக்குள் போன சீட்டு ஹாலிஸுடையது என்றால், அது அவள் பெயரில் ஏறிவிடும். அவள், வெர்னா பிக்ஃபர்ட், ஹாலிஸ் கட்சி ஆளுக்கு ஓட்டுப்போட்டதாக ஆகிவிடும். நாற்பத்தோரு வருஷம் விட்டுக்கொடுக்காததை ஒரு ரப்பருக்காகவா விட்டுக்கொடுப்பது?

"ரப்பரை உள்ள வை. நான் இன்னும் ஓட்டே போடலை."

எழுந்து மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். "வெர்னா பிக்ஃபர்ட்" என்றாள், மன்றம் முழுக்கக் கேட்கும்படி.

"வெர்னா பிக்ஃபர்ட்" என்று ஓபல் திருப்பிச் சொன்னாள். இந்த முறை ஸ்கேலை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கோடு இழுத்தாள். வெர்னா சீட்டை வாங்கி மறைப்புக்குள் போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

ஏழு மணிக்குக் கதவைச் சாத்திப் பெட்டியைத் திறந்தார்கள். சீட்டு முந்நூற்றுப் பதினாலு. பட்டியலில் கோடு முந்நூற்றுப் பதினாலு. வெண்டல் ஒவ்வொன்றாகப் படிக்க, இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். பாதி தாண்டியதும் ஒரு சீட்டில் அவன் நின்றான். மற்றதெல்லாம் மறைப்புக்குள் கட்டிவைத்த பேனாவால் போட்டவை. இதில் மட்டும் பட்டையான, கறுத்த பென்சில். தச்சர் காதில் செருகும் பென்சில். பெருக்கல் குறியின் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

வெண்டல் அந்த மாதிரிக் குறியை ஹாலிஸ் அறுத்த ஆயிரம் பலகையில் பார்த்திருக்கிறான். ஹாலிஸின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவனும் ஒருவன். வெர்னாவை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பென்சிலை ஹாலிஸின் சட்டைப் பையில் வைத்து மூடச்சொன்னதே அவள்தான்.

"என்ன, மை பரவியிருக்கா?" என்றாள் பெண் வக்கீல்.

"இல்லம்மா. தெளிவாத்தான் இருக்கு." பெயரைப் படித்தான். ஹாலிஸின் கட்சி.

கடைசியில் நூற்றைம்பத்தேழுக்கு நூற்றைம்பத்தேழு. வெண்டல் கையெழுத்துப்போடப் பேனாவை எடுத்தபோது வெர்னா பட்டியலை அவன் முன்னால் விரித்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதணும். மார்ச்சுல போனவர் பேரை நான் எடுக்கலை. தெரிஞ்சேதான் எடுக்கலை. அந்தப் பேருல இன்னைக்கு ஓட்டு விழுந்திருக்கு."

இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "யார் போட்டது?" "எந்தச் சீட்டு? அதைத் தனியா எடுங்க!"

டாப்ஹாம்காரர்கள் ஒன்பது பேர் அங்கே இருந்தோம். ஒன்பது பேருக்கும் எது என்று தெரியும். ஒருவரும் விரலை நீட்டவில்லை.

"பெட்டிக்குள்ள போயிட்டா எல்லாச் சீட்டும் ஒண்ணுதான்" என்றான் வெண்டல்.

"தலைநகர்லேர்ந்து அதிகாரிங்க வந்து கேட்டா அவங்ககிட்டயும் இதையே சொல்லுவேன்" என்றாள் வெர்னா. "கவலப்படாதீங்க. அந்த ஓட்டை நான் அடிச்சுட்டேன்." சிவப்புப் பென்சிலை மேசையில் வைத்துவிட்டுப் பதவி விலகல் கடிதத்தை அங்கேயே, ஓபலின் காகிதத்தில் எழுதினாள். பிறகு பட்டியலின் ஓரத்தில், ஹாலிஸின் பெயருக்கு நேராக, அவன் இறந்த தேதியைக் குறித்தாள். கோடு போடும் வேலை மிச்சமில்லை.

வெளியே பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தது. வண்டியில் ஏறி, தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். யாராவது சொல்லியாக வேண்டுமே என்று அவளே சொன்னாள்.

"வீட்லயே இருந்திருக்கலாம்."

சாவியைத் திருப்பினாள். 'டிங்' என்றது வண்டி. மறுபடி 'டிங்'.

அவள் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வரைக்கும் அது நிற்கவே இல்லை.