ரெட்டைச் சினையில் ஒன்று

காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் அறுத்த வியாகுலம்மாளுக்குக் குளத்து மீன் என்றாலே இளக்காரம். அதிலும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பிறந்த கலப்பு மீனாம்! ஆனால் மகள் ஷைனியின் எம்.எஸ்ஸி. படிப்பே அந்த மீன் வயிற்றில்தான் இருந்தது. கலப்பு மீனுக்குச் சினை முற்றவே முற்றாது என்றார் புரொபசர். ரெண்டு வயசானால் முற்றும் என்று சண்டை பிடித்தாள் இவள். சுனாமிக்கு முந்தின வருஷம் அது. அந்த மீனை வளர்த்த பண்ணையில் குளத்தை வற்றவைத்துவிட்டார்கள்; அன்றைக்கு வந்த எட்டு மீன்தான் கடைசி.

வயிற்றைக் கீறி, உள்ளே இருப்பதைச் சிதையாமல் எடுக்க அம்மாவை விட்டால் ஆள் ஏது? இரண்டு வாரமாக வந்த மீன்களில் நூல் மாதிரி மெலிசாகக் கிடந்ததையெல்லாம் ஷைனி பாட்டிலில் போட்டு மூடினாள். பெண்ணுக்கு வேண்டியது அந்த நூல்தான் என்று வியாகுலம்மாள் முடிவு கட்டிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

ஷைனி பாட்டில் வாங்க டோல்கேட் கடைக்குப் போயிருந்தபோது, எட்டாவது மீனில் மஞ்சள் சினை கொழுகொழுவென்று ஜோடியாக வந்து விழுந்தது. நேரம் பார்த்து எதிரே வந்தாள், ஏழு மாச வயிற்றோடு பக்கத்து வீட்டு அன்புக்கரசி. பிள்ளைத்தாய்ச்சி கண்ணெதிரே சினை வந்தால் அது அவளுக்குத்தான். அந்தத் தெருவில் அதற்கு மறுபேச்சே கிடையாது. கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

திரும்பி வந்த ஷைனி விஷயத்தைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த நூலு முத்துனாதாம்மா சினை! அதுக்குத்தானே இத்தினி நாளா காத்துகினு இருந்தேன்?"

வியாகுலம்மாள் மாதாவே என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஓடினாளே தவிர, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்ததை எந்த வாயால் திருப்பிக் கேட்பது? வாசலிலேயே வறுத்த வாசனை அடித்தது. அன்புக்கரசி மென்றுகொண்டே திரும்பினாள்.

"ஒண்ண துன்னுட்டேன்க்கா. இன்னொண்ணு அப்டியே கீது. இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள்.

"ஐய, நம்ம ஷைனி படிப்புக்கா? எட்த்துகினு போக்கா மொதல்ல!"

மஞ்சள்தூள்கூடப் படாத அந்த ஒற்றைச் சினை பாட்டிலுக்குள் இறங்கிய பிறகுதான் வியாகுலம்மாளுக்குப் போன உயிர் திரும்பியது.

அடுத்த வாரம் ஷைனி துள்ளிக்கொண்டு வந்தாள். முட்டை முற்றியதுதான் என்று புரொபசர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒத்துக்கொண்டாராம். "ஜோடில இன்னொண்ணு எங்கேன்னு மட்டும் கேட்டாரும்மா."

"நீ இன்னா சொன்ன?"

"ரெண்டு மாசத்துல பொறந்துடும் சார்னேன்."