சாந்தம்: ஐந்துக்கு ஐந்து

...ஐந்து, மறுபடியும் ஐந்து, இந்த நாற்பத்தொன்றாம் எண் காளைக்குப் பிறந்த இருநூறு கன்றுகளும் சாந்தத்தில் ஐந்துக்கு ஐந்து, ஒன்றுகூட நான்கு இல்லை, ஒரு வயிற்றுப் பிள்ளைகளே தலைக்கு ஒரு குணமாக இருக்கும்போது இதென்ன அதிசயம்... நான்கு மணிக்குள் நான் ஒப்புதல் கொடுத்தால் இந்தக் காளையின் சினை ஊசி ஆயிரம் தொழுவங்களுக்குப் போகும், இன்னும் என்னம்மா யோசனை என்று அதிகாரி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். யோசனைதான். தொழுவக்காரர்கள் கைப்பட எழுதிய குறிப்புகளை எதற்கு இன்றைக்குப் போய்த் தோண்டினேன்? ஒருவர் ‘சத்தமே போடாது’ என்கிறார், ஒருவர் ‘நிறுத்தின இடத்தில் நிற்கும்’, இன்னொருவர் ‘கண்ணில் ஈ மொய்த்தாலும் தலையை ஆட்டாது’... எல்லாவற்றையும் சாந்தம் என்ற ஒரே சொல்லில் அடைத்தது யார்? நான்தான், வேறு யார், ஆளுக்கொரு சொல் எழுதினால் கணினி எதை ஒப்பிடும் என்று நூற்றெண்பது சொற்களை நாற்பதாகக் குறைத்தவள், கேடயம்கூடக் கொடுத்தார்கள், இதோ மேசையில் நிற்கிறது சனியன். ஈயை விரட்டாதது சாந்தமா?

தம்பியைக் கேட்டுவிடலாம், இந்தக் காளையைத்தான் போடு என்று அவனிடம் அடித்துச் சொன்னதே நான்தானே, அந்தத் தொழுவத்தை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு ஏது... எடுத்ததும் சிரித்தான், கறவை நேரம், நீயே கேள் என்று போனைத் தொழுவத்துப் பக்கம் நீட்டினான். பசுக்கள் கூப்பிட்டன, ஒன்று, பிறகு இன்னொன்று, விடாமல், கன்றுகள் பசியில் அலற வேண்டிய நேரம், நான் காத்திருந்தேன், பசுக்கள் மட்டும்தான் கூப்பிட்டன.

“கேக்குதாக்கா? பதினொரு கன்னு, ஒண்ணுகூட வாயத் தொறக்கல. அவ்ளோ சமத்து.”

“தானா பால் குடிக்குதாடா?”

“நாமதான் வாயில வச்சு விடணும். கொஞ்சம் சோம்பேறிங்க.”

நிராகரிப்பை அழுத்தினேன், கணினி காரணம் கேட்டது, தட்டச்சு செய்ய விடவில்லை, பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றது, ‘மந்தம்’ என்று ஒரு சொல் இருந்ததே... இருந்தது, வருடத்துக்கு இரண்டு முறைகூட வருவதில்லை என்று நான்தான் எடுத்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, அதே நாற்பது. வராந்தாவில் அதிகாரியின் செருப்புச் சத்தம், என்ன சொல்வேன் அவரிடம், எந்தச் சொல்லை வைத்துச் சொல்வேன்... என்னக்கா, சத்தத்தையே காணோம் என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான்.