ஈயக் குணுக்கு

ஆடிக்காற்று சக்கரத்தை நிற்க விடவில்லை. வேப்பமரத்தடியில் வைத்தால் காற்றே அதைச் சுற்றிவிட்டு வேடிக்கை பார்த்தது. சின்னக்கருப்பன் அலுத்துப்போய், கடலை வியாபாரி சுலைமான் பாய் ஆட்டம் எடுக்கச் சொல்லி விட்டுப்போன மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை வீட்டுக்குள் தூக்கிவந்து, அச்சின் இரு முனைகளையும் இரண்டு முக்காலிகள்மேல் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

மெல்லச் சுற்றிவிட்டான். நின்றபோது கனமான பக்கம் கீழே வந்தது. மறுபடி சுற்றினாலும் அதே பக்கம்தான். எதிர்ப்பக்கத்தில் ஈரக் களிமண்ணை அப்பி, கூட்டியும் கிள்ளியும் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் சக்கரம் விட்ட இடத்தில் நின்றது. பட்டாளத்தில் படித்த வேலை. பர்மாவிலிருந்து அவன் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான்.

ஓடும்போது மண் உதிர்ந்துவிடும். அதே கனத்துக்கு ஈயம் வைத்துக் கட்ட வேண்டும். யுத்தம் முடிந்தும் ஈயம் கிடைக்கவில்லை, வாடிப்பட்டிப் பாத்திரக்கடையில் கையை விரித்துவிட்டார்கள். கடலை விலை பேசச் சந்தைக்குப் போயிருந்த பாய் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார். வண்டி ஆட்டமில்லாமல் ஓடினால், மதுரையில் தன் தம்பி திறக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். பட்டாளத்துக்காரன் என்று ஊரில் பேர் வாங்கியவனுக்கு அடுத்தவன் வயலில் போய் மறுபடி குனிய உடம்பு கூசியது.

அடுப்படியில் அவன் மனைவி பாண்டியம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஆட ஆடக் காதில் குணுக்குகளும் ஆடின. சிறுவயதில் காதைத் தொங்க வளர்க்கப் போட்ட கனத்த ஈயக் குணுக்குகள். அவளோடு காது வளர்த்தவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் தங்கப் பாம்படம் போட்டுக்கொண்டு எத்தனையோ காலமாகிவிட்டது. 'வந்ததும் உனக்குப் பாம்படந்தேன்' என்று சொல்லிவிட்டுத்தான் இவன் பட்டாளத்துக்கு ரயிலேறினான். வந்தபிறகு அவளும் கேட்கவில்லை, அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"ஏ புள்ள, அந்தக் குணுக்கக் கழட்டிக் குடு."

முறம் நின்றது. "எதுக்கு?" என்றவளின் முகம் சட்டென்று மலர்ந்தது. "ஆசாரிக்கு அளவு காட்டவா?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "குடு, சொல்றேன்" என்றான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டையும் கழற்றி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். ஈயத்தில் அவள் உடம்புச் சூடு இருந்தது.

அவள் குடத்தோடு கிணற்றுக்குப் போகும்வரை காத்திருந்துதான் சுத்தியலை எடுத்தான். இரண்டு குணுக்குகளும் சேர்ந்து களிமண்ணின் கனத்துக்குச் சரியாக இருந்தன. சக்கரத்தின் போக்ஸ் கம்பியில் வைத்துத் தட்டி முறுக்கியபோது அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பாய் வந்து, சக்கரம் மாட்டிய வண்டியைக் கண்மாய்க்கரைவரை ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினார். "மாஷா அல்லா! கைய விட்டுட்டு ஓட்டலாம் போலருக்கே. என்னத்த வச்சுக் கட்டுன கருப்பா?"

பாண்டியம்மாள் குடத்தோடு வந்து பின்னால் நின்றதை அவன் கவனிக்கவில்லை.

"பழைய ஈயம் பாய். சும்மா வீட்ல கெடந்துச்சு."

சொன்னபிறகுதான் அவளைப் பார்த்தான். அவள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குணுக்கின் வளைவு பாதி நசுங்காமல் கம்பியில் அப்படியே தெரிந்தது. அவள் கை காதுக்குப் போய்த் திரும்பியது. 'கெடந்துச்சு' என்ற சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமானால் அவன் விழுங்கியிருப்பான்.

"திங்கக்கெழம ஒர்க்‌ஷாப்புக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் பாய் புறப்பட்டார். வண்டி கொஞ்சமும் ஆடாமல் போயிற்று.

பக்கத்து வீட்டு இருளாயி வேலிக்குமேல் எட்டிப்பார்த்தாள். "என்னடி பாண்டி, காது மூளியாக் கெடக்கு?"

"ஆசாரிகிட்ட அளவுக்குக் குடுத்துருக்காக, அக்கா" என்றாள் பாண்டியம்மாள். குரலில் பிசிறு இல்லை. அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அப்பப் பாம்படந்தேன்னு சொல்லு!" இருளாயியின் சத்தம் தெருவுக்கே கேட்டது.

சுத்தியலை எடுக்கக் குனிந்த கருப்பன் நிமிரவில்லை. பாண்டியம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, கூரையில் ஒரு ஓலைத் துண்டைக் கிள்ளிச் சுருட்டி ஒரு காதின் துளையில் செருகிக்கொண்டாள். இன்னொரு காது ஆடிக்காற்றில் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.